பாசிக் கணக்குத் தாள்

மூன்று கேள்வியை எழுதி
நோட்டிலிருந்து அந்தத் தாளை மட்டும் கிழித்துக்கொண்டு
விடியுமுன்னே சின்னப்பாலத்திலிருந்து கிளம்பினோம்.
ஒரு பக்கம்
மரிக்கொழுந்துப் பாசி, காய்ந்தது, இருபத்திரண்டு கிலோ.
மறுபக்கம் அவள்.

மதுரையில் டோக்கன் நாற்பத்தாறு.
கேஸ் கட்டில் இன்னும்
'பேபி ஆஃப் நாகஜோதி'யாகவே இருக்கிறாள்.
மார்கழிப் பிள்ளை, தை பிறக்கட்டும் பேர் வைக்க என்றார்கள்.
தை முழுக்கத் தடுமம் என்றார்கள்.
மாசி ஐந்தாம் தேதி
பேர் தேவைப்படாமல் போயிற்று.

முதல் கேள்வி என் கையெழுத்து.
வயிற்றில் வைத்துக்கொண்டு
கடலுக்குள் முங்கினது தப்பா?

பாசி எடுப்பவளுக்கு மூச்சுதான் கைமுதல்.
விரலுக்கு விரல் துணி சுற்றி
கண்ணாடி மாட்டிப் பாருக்குள் இறங்கினால்
நூறு எண்ணாமல் மேலே வரமாட்டேன்.
ஏழாம் மாதம் வரைக்கும் போனேன்.
அந்த நூறும் யாருடைய மூச்சு என்று
ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.
கேட்காமல் பார்த்தார்கள்.

டாக்டரம்மா சீட்டின் பின்னால் படம் போட்டார்.
நீலப் பேனா இருந்தது,
சிவப்பை நர்ஸிடம் வாங்கினார்.
இதயத்திலிருந்து புறப்படும் ரெண்டு பெரிய குழாய்
இடம் மாறி முளைத்துவிட்டதாம்.
நல்ல ரத்தம் நுரையீரலையே சுற்றிக்கொண்டிருக்க
கெட்டது உடம்பையே சுற்றுமாம்.
போட் இன்ஜின் பார்க்கிற முனியராஜ்
"லைனை மாத்தி மாட்டியிருக்கு" என்றான்,
மெதுவாக, எனக்கு மட்டும்.

"எப்ப மாறுச்சுங்க?"
இது தாளில் இல்லாத கேள்வி.
"முதல் ரெண்டு மாசத்துக்குள்ள.
உனக்கே தெரிஞ்சிருக்காது."

விரல் விட்டு எண்ணினேன். சித்திரைக் கடைசி, வைகாசி.
தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில்.
பாசி வளரட்டுமென்று
நாங்களும் கடலில் கால் வைக்காத நாள்கள் அவை,
பெண்கள் கூடிப் பேசி நாங்களே போட்ட கட்டு.
அவளுக்கு இதயம் முளைத்தபோது
நான் கரையில் இருந்தேன்.
ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு,
நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு.

"அப்ப எதனாலங்க?"
"பெரும்பாலும் காரணம் தெரியாதும்மா."

நானாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.
பிடித்துத் தொங்க ஒன்று இருந்திருக்கும்.

ரெண்டாவது, ஐந்தாம் மாத ஸ்கேன்.
தலை பார்த்தார்கள், முதுகெலும்பு பார்த்தார்கள்,
இதயத்தில் நாலு அறை இருக்கிறதா பார்த்தார்கள்.
நாலும் இருந்தது.
குழாய் வரைக்கும் பார்ப்பது
எல்லா இடத்திலும் நடப்பதில்லையாம்.

உதடு நாவல் பழம் தின்ற மாதிரி இருந்ததைச் சொன்னேன்.
அப்பன் நிறம் என்றாள் மாமியார்.
பாம்பன் நர்ஸ், குளிருதுபோல, குல்லா போடு என்றது.
மஞ்சள் குல்லா. இன்னும் கொடியில் கிடக்கிறது,
எடுக்கவில்லை.

"ரெண்டு வாரத்துக்குள்ள கொண்டு வந்திருந்தா..."
ஆரம்பித்த டாக்டரம்மா
சீட்டைத் திருப்பி எதையோ தேடினார்.
நாங்கள் வந்தது முப்பத்தெட்டாம் நாள்.
மிச்ச வாக்கியத்தை நாங்களும் கேட்கவில்லை.

மூன்றாவது அவன் எழுதியது.
நான் பார்க்காதபடி மடித்து வைத்திருந்தான்.
வாசிக்கவும் இல்லை, தாளை அப்படியே நீட்டினான்.

பிள்ளைக்கு வலிச்சிருக்குமா?

வெளியே நாற்பத்தேழு என்று கூப்பிட்டார்கள்.
"மூச்சு வாங்கியிருக்கும்.
அசந்து போயிருப்பா. வலின்னு..."
கொஞ்சம் பொறுத்து,
"எனக்குச் சொல்லத் தெரியலப்பா."
"சரிங்க" என்றான்,
ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சாமான் இல்லையென்றால்
சொல்வானே, அந்தச் சரி.

அடுத்ததற்கு இருபதாம் வாரம்
இதயத்துக்கென்று தனி ஸ்கேன் எடுக்கச் சொல்லி
எழுதிக் கொடுத்தார்.
அடுத்தது என்ற சொல்லை
மண்டபம் வரைக்கும் இருவரும் தொடவில்லை.

பஸ் பாலத்தில் ஏறியது.
முன்சீட்டுக் குழந்தை
கடலைப் பார்த்து எல்லாருக்கும் டாட்டா காட்டியது.
தாளைத் திருப்பிப் பார்த்தான்.
"இந்த இருபத்திரண்டு கிலோவுக்கு
ஏஜெண்ட் காசு தரலைல்ல?"
"தரலை."
"நாளைக்குக் கேக்கணும்" என்றான்.
கேக்கணும் என்றேன்.